கால்களை எண்ணிவிட்டு மருந்து கேளுங்கள்

மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால் எங்கள் பக்கத்து விவசாயி உரக்கடைக்கு வந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பூச்சி மருந்து குடு." எந்தப் பூச்சி என்று திருப்பிக் கேட்டால் கோபம் வந்துவிடும். "இலை சுருளுது, அவ்ளோதான். பக்கத்துக் கொல்லைக்காரன் நீல டப்பா வாங்கினு போனானே, அதையே குடு." நானும் விடுவதில்லை. சுருண்ட இலை மேல்பக்கமாக மடிந்திருக்கிறதா, கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்திருக்கிறதா என்று கேட்பேன். மேல்பக்கம் என்றால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்ப்பக்கம் கவிழ்ந்து, இலைக்காம்பும் நீண்டுபோயிருந்தால் மஞ்சள் சிலந்தி. இலைப்பேனுக்குக் கால் ஆறு. மஞ்சள் சிலந்திக்கு எட்டு. முதலாவது பூச்சி, இரண்டாவது பூச்சியே கிடையாது, சிலந்திப்பேன். இந்த இரண்டு கால் வித்தியாசத்தில்தான் ஒரு போகம் மிளகாய் நிற்கிறது என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

திருவண்ணாமலை அவலூர்பேட்டை சாலையில் உரக்கடை வைத்திருக்கிறேன். படித்தது விலங்கியல், இதே ஊர் அரசு கலைக் கல்லூரியில். அந்தப் பட்டம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள உதவும், வேறெதற்கும் ஆகாது என்று வீட்டில் நினைத்தார்கள். 2015இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. பூச்சிமருந்து விற்க உரிமம் வேண்டுமானால் வேளாண்மையோ வேதியியலோ தாவரவியலோ விலங்கியலோ படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கென்று ஒரு பட்டயமாவது வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. பழைய கடைக்காரர்கள் பலர் நரைத்த தலையோடு வாரம் ஒரு நாள் 'தேசி' பட்டய வகுப்புக்குப் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆனால் விதி கேட்பது கடைக்காரனின் சான்றிதழைத்தான். எதிரில் நிற்கிற விவசாயியின் செடியில் இருப்பது என்ன என்று கேட்கும்படி எந்த விதியும் அவனைக் கட்டாயப்படுத்துவதில்லை.

சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கண்ணில் களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லியும் பூச்சிக்கொல்லி, சிலந்திப்பேன் கொல்லியும் பூச்சிக்கொல்லி. டெல்லியே எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கும்போது, தண்டராம்பட்டு விவசாயி பிரித்துக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் எனக்கே கொஞ்சம் கூச்சம்தான்.

ஆனால் செடி அந்தச் சட்டத்தைப் படிப்பதில்லை. கத்தரி, வெண்டை, மல்லி, சாமந்தி எல்லாவற்றிலும் வெயில் ஏறுகிற மாதங்களில் செஞ்சிலந்தி வரும். இலையின் அடியில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பாக ஊரும். இலை மேலே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். முற்றினால் நுனியில் மெல்லிய நூலாம்படை கட்டும். நல்ல வெயிலில் முட்டையிலிருந்து தாயாவதற்குப் பத்து நாள்கூட ஆகாது. ஆண் துணை இல்லாவிட்டாலும் முட்டை வைக்கும். அந்த முட்டையிலிருந்து ஆண்கள் வரும். அப்புறம் குடும்பம் பெருகுவதற்குக் கேட்கவா வேண்டும். இதைப் பார்த்துவிட்டு வந்து பூச்சி மருந்து கேட்கிறவருக்கு வழக்கமான பைரித்ராய்டு வகையையோ இமிடாகுளோபிரிட்டையோ கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? செஞ்சிலந்தி பெரும்பாலும் தப்பிவிடும். அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த குட்டிப் பொறிவண்டும், இரைதேடித் திரியும் வேறு சிலந்திப்பேன்களும் செத்துப்போகும். இரண்டு வாரத்தில் செடி முன்பைவிட மோசமாகும். அவர் திரும்பி வந்து "மருந்து வேலை செய்யல, இன்னும் வீரியமா குடு" என்பார். கடைக்காரனுக்கு இரண்டாவது விற்பனை. வியாபாரக் கண்ணால் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அதனால்தான் பெரும்பாலான கடைகளில் யாரும் கால்களை எண்ணச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

மல்லித் தோட்டத்துக் கதை வேறு. இலையிலும் இளந்தண்டிலும் மொக்கிலும் வெள்ளையாகக் கம்பளி படர்ந்தாற்போல் வரும். பூஞ்சாணம் என்று நினைத்துக் கந்தகம் கேட்பார்கள். அது பூஞ்சாணமில்லை, ஏசேரியா என்னும் நுண்ணிய சிலந்திப்பேன் உறிஞ்சுவதால் செடியே வளர்த்துக்கொள்ளும் ரோமம். ஆனால் நனையும் கந்தகம் பூஞ்சாணத்துக்கும் ஆகும், சிலந்திப்பேனுக்கும் ஆகும். தப்பாகக் கணித்துச் சரியான மருந்தை வாங்கிப் போகிறவரைத் திருத்துவதா விடுவதா என்று கையில் பொட்டலத்தோடு யோசித்து நிற்பேன். திருத்தித்தான் அனுப்புவேன். அடுத்த முறை கடையில் வேறொரு பூஞ்சாணக்கொல்லியைக் காட்டினால் அதையும் வாங்கிவிடுவாரே.

அந்த ஏசேரியாவின் ஒன்றுவிட்ட உறவுதான் தென்னையைச் சூறையாடிய ஈரியோபைட் சிலந்தி. 1998இல் கேரளத்தில் எர்ணாகுளம் பக்கம் முதலில் கண்டார்கள். கொஞ்ச காலத்தில் தமிழ்நாட்டுத் தோப்புகளிலும் தேங்காய் எல்லாம் பழுப்பேறி வெடித்துச் சிறுத்து விழுந்தது. அதற்குக் கால் நான்குதான். கால்களை எண்ணு என்று தலைப்பில் வைத்துவிட்டு நான்குகால் பிராணியைக் கொண்டுவருகிறாயே என்று கேட்கலாம். கால்களை எண்ணுவது முதல் படிதான். அதைவிட உறுதியான அடையாளம் தலையில் இருக்கிறது. பூச்சிக்கு உணர்கொம்பு உண்டு. சிலந்திக்கோ தேளுக்கோ உண்ணிக்கோ இந்த நான்குகால் தென்னைச் சிலந்திக்கோ அது கிடையாது. அதற்குப் பதிலாக வாயருகே கொடுக்குபோன்ற ஓர் இணை உறுப்பு. அந்த உறுப்பை வைத்துத்தான் இந்தப் பெருங்குடும்பத்தையே பிரித்திருக்கிறார்கள்.

குடும்பத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உறவுமுறைகள் நாம் நினைக்கிறபடி இல்லை. ஓடு போர்த்த உடம்பும் மூட்டுவைத்த கால்களும் உள்ள கணுக்காலிகளில் இன்று வாழ்பவை பொதுவாக நான்கு கூட்டம்: பூச்சிகள், பூரானும் மரவட்டையுமான பலகாலிகள், நண்டும் இறாலுமான ஓட்டுடலிகள், சிலந்தி, தேள், உண்ணி, சிலந்திப்பேன் அடங்கிய கூட்டம். பார்வைக்குச் சிலந்தியும் எறும்பும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மரபணுவைப் பார்த்தவர்கள் சொல்வது வேறு: எறும்புக்கும் ஈசலுக்கும் நெருங்கிய உறவு இறால்தான். பூச்சி இனமே ஓட்டுடலிகளின் கிளைக்குள்ளிருந்து பிரிந்து வந்தது. சிலந்தி அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே தனிவழி போய்விட்டது. ஒடிசாக் கடற்கரையில் முட்டையிட ஏறிவரும் குதிரைலாட நண்டு பெயரில்தான் நண்டு. அது சிலந்தியின் பங்காளி. பங்காளியா, சிலந்திக் குடும்பத்துக்குள்ளேயே பிறந்த பிள்ளையா என்று 2019இல் ஒரு பெரிய மரபணு ஆய்வு கிளப்பிய சண்டை இன்னும் ஓயவில்லை.

தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை அறிவால் பிரிக்கும் இடம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கறையானும் எறும்பும் மூவறிவில் வரும்; நண்டும் தும்பியும் நாலறிவில் சேர்ந்து நிற்கும். இறாலும் ஈசலும் உறவு என்று இன்றைய அறிவியல் சொல்வதைக் கேட்டதும் நண்டையும் தும்பியையும் பக்கத்தில் உட்காரவைத்தது நினைவுக்கு வரும். அதற்காகத் தொல்காப்பியர் மரபணு ஆராய்ந்தார் என்று யாரும் மேடையேறிவிட வேண்டாம். எறும்பைத் தும்பியிடமிருந்து பிரித்தவரும் அவர்தான். பேர் சொல்லாதவற்றையும் அந்தந்தக் கிளையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் இடம் விட்டிருக்கிறார். எனக்குப் பிடித்தது அந்தத் திறந்த கதவுதான். சிலந்தியை எங்கே வைப்பது என்று அவர் சொல்லவில்லை. நாமும் அன்றிலிருந்து இன்றுவரை பெரிதாகக் கவலைப்படவில்லை.

வயலில் தப்பினால் பணம் போகிறது. தேளில் தப்பினால் உயிரே போகும். எங்கள் ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை, எனவே தேளுக்கும் பஞ்சமில்லை. மக்கள் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று பாருங்கள். நட்டுவாக்காலி என்னும் பெரிய கருந்தேளைக் கண்டால் தெருவே கூடும். கல், செருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் வரும். விரலளவுகூட நீளமில்லாத செந்தேளைக் கண்டால், "சின்னதுதான், வெங்காயம் தேய்" என்பார்கள். நிலைமை நேர் எதிர். பெரிய கொடுக்கும் மெல்லிய வாலும் உள்ள தேள் இரையைக் கொடுக்கால் நசுக்கியே வாழ்வதால் நஞ்சை அதிகம் நம்புவதில்லை. மெல்லிய கொடுக்கும் தடித்த வாலும் உள்ளது நஞ்சை நம்பித்தான் வாழ்கிறது. நட்டுவாக்காலி கொட்டினால் கடுமையாக வலிக்கும். பொதுவாக உயிருக்கு மோசமில்லை. செந்தேள் கொட்டினால், அதிலும் குழந்தைகளுக்கு, உடம்பு வேர்த்துக் கொட்டும், கை கால் சில்லிடும், வாந்தி வரும், இதயம் தடுமாறி நுரையீரலில் நீர் கோக்கும்.

அந்தச் செந்தேளுக்கு அறிவியல் வைத்த பெயரிலேயே தமிழ் இருக்கிறது: ஹாட்டென்டோட்டா டமுலஸ். டமுலஸ் என்பதை 1798இல் சூட்டியவர் டென்மார்க்கின் ஃபாப்ரீசியஸ், லின்னேயஸின் மாணவர். தரங்கம்பாடி அப்போது டேனியர் கையில் இருந்தது. அங்கிருந்து பூச்சிகளும் தேள்களும் அவருக்குக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தன. இவ்வளவு பழைய அறிமுகம் இருந்தும் இதற்கு வைத்தியம் கிடைக்க மேலும் ஏறத்தாழ இருநூறு ஆண்டு ஆயிற்று. மகாராஷ்டிரத்தில் கொங்கணக் கரையோரம் மகாட் என்ற சிற்றூரில் வேலைபார்த்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரை செந்தேள் நஞ்சின் விளைவுகளை மடக்குகிறது என்று கண்டு 1986இல் லான்செட் இதழில் எழுதினார். பெருங்கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த நோயாளிகளில் இறப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாம்புக்கடிக்கு வைத்திருக்கும் மருந்து தேளுக்கு வேலை செய்யாது. தேள் நஞ்சுக்கென்று தனி முறிமருந்தும் நம் நாட்டிலேயே தயாராகிறது.

எங்கள் ஊரில் 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு குக்கிராமத்தில் இரவில் பிள்ளையைத் தேள் கொட்டினால் மலையிறங்கி இங்கே வந்து சேர எத்தனை நேரம்? அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசோசின் இருக்கிறதா, இரவுப் பணியில் இருப்பவருக்கு அதை எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரியுமா என்பதே கேள்வி. கொட்டியது சிவப்பா கறுப்பா, கொடுக்கு தடியா மெல்லிசா என்று பெற்றவர்களால் சொல்ல முடிந்தால் பார்க்கிறவருக்கு அது பெரிய உதவி. அதற்காகத் தேளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று தாமதிக்கக் கூடாது. கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம். உடனே கிளம்ப வேண்டும்.

தேள் சங்கதியில் ஒரு வேடிக்கை. கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கை இரவில் கல்குவியல் பக்கம் காட்டினால் தேள் பச்சை நீலமாக ஒளிரும். ஓட்டில் இருக்கும் ஒரு வேதிப்பொருளால் அப்படி. தோலுரித்த புதிதில் ஒளிராது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் வெறுங்காலோடு எங்கள் மலையைப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றுகிறார்களே, அத்தனை பேரையும் தேள் விட்டுவைக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். அருணாசலேசுவரர் அருள் இருக்கட்டும். நிலா வெளிச்சம் பளிச்சென்று இருக்கும் இரவில் பல வகைத் தேள்கள் வெளியே வரத் தயங்கும் என்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கிரிவலத்துக்கு அமாவாசையைத் தேர்ந்தெடுக்காதது நல்லதாகப் போயிற்று.

மழை விட்ட மறுநாள் செம்மண்ணில் சிவப்பு வெல்வெட்டுப் போர்த்தி ஊருமே பட்டுப்பூச்சி, அதைத் தீப்பெட்டியில் போட்டு விளையாடாத பிள்ளை எங்கள் பக்கம் கிடையாது. சங்கப் புலவர்கள் மூதாய் என்று பாடியது இதைத்தான். அதுவும் பூச்சியில்லை, எட்டுக்கால் சிலந்திப்பேன், செஞ்சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம். விளையாடுகிற பிள்ளையை அது ஒன்றும் செய்யாது. இதன் இன்னொரு நெருங்கிய சொந்தத்தின் குஞ்சு, கண்ணுக்கு எளிதில் தெரியாதது, புதரோரம் உட்காருபவரைக் கடித்தால் வருவதுதான் ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகள் அதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவதால் ஜனங்கள் மாட்டு உண்ணியைத் தேடுகிறார்கள். "வீட்ல மாடே இல்லியே" என்று நிம்மதியாகிறார்கள். மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எலி திரியும் புதர்தான் இதற்கு வீடு. விடாத காய்ச்சலோடு அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சமயத்தில் கண்டுபிடித்தால் டாக்சிசைக்கிளினோ அசித்ரோமைசினோ குணமாக்கிவிடும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே நல்லது என்று நிறுவிய ஆய்வு, பக்கத்திலிருக்கும் வேலூர் சிஎம்சியின் தலைமையில் நடந்து 2023இல் வெளியானது. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் இந்தக் காய்ச்சல் கூடும். கார்த்திகைத் தீபத்துக்கு வந்து, புதரில் உட்கார்ந்து, படுத்து எழுந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு பலகை போதும். தீபத்துக்குத் தட்டி விளம்பரம் வைக்க இடமில்லாத சுவர் ஊரில் கிடையாது. இதற்கும் ஒரு சுவர் கொடுக்கலாம்.

செய்யாத குற்றத்துக்குச் சிலந்தி வாங்கும் அடியும் கொஞ்சமல்ல. காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு இழுத்ததுபோல் எரிச்சலோடு கொப்புளம். "எட்டுக்கால் பூச்சி மேல ஓடிடுச்சு" என்பார் பாட்டி. அது பெரும்பாலும் விளக்குக்கு வரும் ஒரு குட்டி வண்டின் வேலை. ஆறு கால், ஆரஞ்சும் கறுப்புமாய் எறும்பு மாதிரி இருக்கும். நசுக்கினால் அதன் உடல்நீர் தோலைப் பொசுக்கும். கொல்லப்படுவது என்னவோ மூலையில் கொசு பிடித்துக்கொண்டிருந்த சிலந்தி. இத்தனைக்கும் பஞ்சபூதத் தலங்களில் இரண்டில் சிலந்தி பக்தனாக இருக்கிறது. காளத்தியின் பெயரிலேயே அதற்கு இடம். திருவானைக்காவில் லிங்கத்தின்மேல் சருகு விழாமல் வலை பின்னியதும், அதை யானை அசுத்தம் என்று கலைத்ததும், அந்தச் சிலந்தியே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகி யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டியதும் ஊரறிந்த கதை. நெருப்புத் தலமான எங்கள் ஊருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

வயலில் சிலந்திக்குக் கணக்கே உண்டு. ஆரணி, கலசபாக்கம் பக்கம் நெல் போடுகிறவர்களுக்குப் புகையான் என்றால் வயிறு கலங்கும். எப்போது மருந்தடிக்க வேண்டும் என்பதற்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வரம்பைப் படித்துப் பாருங்கள். வயலில் சிலந்தி இல்லையென்றால் தூருக்கு ஒரு புகையான் என்ற நிலையில் அடிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுக்கலாம். அதாவது ஒரு சிலந்தி இருந்தால் பூச்சியின் தொகை இரட்டிப்பாகும்வரை மருந்துச் செலவைத் தள்ளிப்போடலாம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. இந்தக் கணக்கை வயலில் இறங்கிப் போடுகிறவரை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். சிலந்தியைப் பார்த்ததும் "பூச்சி விழுந்துடுச்சு" என்று கடைக்கு ஓடிவருகிறவர்களும் உண்டு.

இந்த வகைப்படுத்தலெல்லாம் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் வேலை, சம்சாரிக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வகை பிரிக்கத் தெரியாது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தீபத் திருவிழாவில் ஐந்தாம் நாள் இரவு வெள்ளி ரிஷபம், ஆறாம் நாள் வெள்ளித் தேர், ஏழாம் நாள் மகா தேர் என்று பிள்ளைகள்கூடச் சொல்லும். உற்சவர் எது, மூலவர் எது, எந்தச் சந்நிதிக்கு எந்த நைவேத்தியம் என்பதில் தப்பு விட்டால் சண்டைக்கு வருவார்கள். பிரித்தறியும் புத்தி இருக்கிறது. அது சிலந்திப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் திரும்பிய ஒருவர் சென்னையில் இருந்தார். 1920 முதல் 1940 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவர் எஃப்.எச். கிரேவ்லி. அதற்கு முன் கல்கத்தா அருங்காட்சியகத்தில் சிலந்திகளையும் சாட்டைத் தேள்களையும் வகை பிரித்துக்கொண்டிருந்தவர். சாட்டைத் தேள் என்பது வாலில் கொடுக்கில்லாமல் சாட்டைபோல் நீண்டு, தொந்தரவு செய்தால் காடி நெடியடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும் பிராணி. சென்னைக்கு வந்தவர் சிலந்தியை விடவில்லை. அதே கண்ணோடு நம் செப்புத் திருமேனிகளையும் பார்க்க ஆரம்பித்தார். டி.என். இராமச்சந்திரனோடு சேர்ந்து 1932இல் அருங்காட்சியகத்தின் தென்னிந்திய இந்து உலோகப் படிமங்களுக்கு அட்டவணை கொண்டுவந்தார். கோயில் கட்டடப் பாணிகள் பற்றியும் எழுதினார். தேளின் கொடுக்கில் பல்வரிசையை எண்ணிப் பழகியவருக்கு அம்மன் கையின் முத்திரையையும் கிரீடத்தின் அடுக்கையும் கவனித்துக் காலம் பிரிப்பது புதிய வேலையாகத் தோன்றியிருக்காது. நமக்கு அந்த அட்டவணை பெருமை. அவருடைய சிலந்திக் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்?

பெயர்களே மாறிக்கொண்டிருக்கின்றனவே, எதை நம்பிப் படிப்பது என்றும் கேட்பார்கள். உண்மைதான். நான் கல்லூரியில் படித்தபோது நட்டுவாக்காலி வகைத் தேள்களெல்லாம் ஹெட்டரோமெட்ரஸ் என்ற ஒரே பேரினம். 2020இல் நியூயார்க்கிலிருந்து பிரெண்டினியும் லோரியாவும் அதைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். இந்தியாவின் மிகப் பெரிய தேள் இப்போது ஜைகான்டோமெட்ரஸ். உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 2022இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டின. இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. ஆராய்ச்சி நடக்கிற துறையில் பெயர் மாறத்தான் செய்யும். மிளகாய்க்காரருக்கு லத்தீன் வேண்டாம். கூட்டம் எது என்று தெரிந்தால் போதும். அந்த அளவு பிரிவினை பல காலமாக ஆடாமல் நிற்கிறது.

புதிதாகக் கண்டுபிடிக்க நம் பக்கம் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் ராமேசுவரத்தைப் பார்க்கலாம். அங்கே ஓர் அனுமன் கோயில் தோப்பின் புளியமரங்களில் இருந்த பெரிய மயிர்ச்சிலந்திக்கு 2004இல் அந்தக் கோயிலின் பெயரையே வைத்து உலகத்துக்கு அறிவித்தார்கள். அழியும் விளிம்பில் இருக்கும் இனம் அது. அதன் பேரினம் முழுவதையும் செல்லப்பிராணிச் சந்தைக்குக் கடத்துவதைத் தடுக்க 2019இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். எங்கள் மலையிலும் அதைச் சுற்றிய தோப்புகளிலும் பொந்துள்ள கிழட்டுப் புளியமரங்கள் உண்டு. சாலை அகலப்படுத்த அவற்றை வெட்டுமுன் பொந்துக்குள் ஒருவர் எட்டிப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். ஓர் ஊராட்சியில் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மரம் இருந்தது, மாடு இருந்தது, மயில் இருந்தது. சிலந்தி, தேள் வகையறாவுக்கு ஒரு வரிகூட இல்லை. மலையில் மரம் நட்டு வளர்க்கும் அமைப்புகளும், பறவை எண்ணப் பிள்ளைகளை அழைத்துப்போகும் பள்ளிகளும் ஊரில் இருக்கின்றன. அவர்களிடம் ஊதா விளக்கைக் கொடுத்து ஓரிரவு தேள் எண்ணச் சொன்னால் அந்தப் பக்கம் நிரம்பிவிடும்.

என் தொழிலுக்குள் நடக்க வேண்டியது இன்னும் எளிது. சிலந்திப்பேனுக்கு அடிக்கும் மருந்தின் டப்பாவில் அது சிலந்திப்பேனுக்கு என்று தமிழில், நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முக்கோணம் அளவுக்குப் பெரிதாக அச்சிட வேண்டும். இப்போது அது படிக்க முடியாத பொடி எழுத்தில் ஒரு மூலையில் கிடக்கிறது. டிடிடியிலிருந்து தயாரான டைகோஃபாலை 2023இல் தடை செய்தார்கள், நல்லது. அதற்குப் பதில் வந்திருக்கும் புதிய மருந்துகள் விலை அதிகம், கண்டபடி அடித்தால் செஞ்சிலந்தி சீக்கிரம் பழகிவிடும். மானியத்தில் தெளிப்பான் கொடுக்கிற வேளாண் துறை, கூடவே ஒரு பத்துமடங்கு உருப்பெருக்கும் கைக்கண்ணாடியும் கொடுக்கட்டும். தெளிப்பானின் விலையில் அது ஒரு மூலைக்குக் காணாது. பூச்சிமருந்து ரசீதில் பயிர் என்ன, எதற்காக வாங்குகிறார் என்று இரண்டு பத்திகள் இருக்க வேண்டும்: பூச்சியா, சிலந்திப்பேனா, பூஞ்சாணமா. தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதலாம். மாதக் கடைசியில் அந்தத் 'தெரியாது'களைக் கூட்டினால் எந்த வட்டாரத்துக்கு அலுவலரை அனுப்ப வேண்டும் என்று துறைக்குத் தெரிந்துவிடும்.

இதனால் விற்பனை குறையும் என்று சக கடைக்காரர்கள் சொல்கிறார்கள். குறையும்தான். இரண்டாவது முறை வந்து வீரியமாகக் கேட்கிறவர் குறைவார். ரசீதுப் புத்தகம் தீரப்போகிறது. அடுத்து அச்சுக்குக் கொடுப்பதில் அந்த இரண்டு பத்தியும் இருக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரி எடுத்துப் பார்க்கட்டும்.